சாக்கடை மூடியில் எழுந்தருளிய சோணைமுத்து ஐயா

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி நம் பொறியாளர் சங்கத்தில் கேட்டார்கள். குழாயின் சாய்வும் குழியின் ஆழமும் நீங்கள் படித்துவிட்டு வந்த விஷயங்கள். என்னைவிட நன்றாகவே கணக்குப் போடுவீர்கள். கணக்கில் வராத ஒரு சங்கதி இருக்கிறது. பாதாளச் சாக்கடைக்கு மேலே ஊர் இருக்கிறது, ஊரில் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள், பெரிய மனிதர்களுக்கு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு ஒருநாள் உங்கள் மேன்ஹோல் மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வீர்கள்?

நான் பார்த்த ஊரில் உட்கார்ந்தது. மதுரையிலிருந்து ஒத்தக்கடைக்குக் கிடைப்பதுபோல நினைத்தபோதெல்லாம் பஸ் கிடைக்காத, ஆனால் தன்னை ஒரு தலைநகரமாகவே நினைத்துக்கொண்டிருந்த ஒரு சிறிய நகராட்சி அது. பெயர் வேண்டாம். அங்கே நான் உதவிப் பொறியாளர். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் இருந்தன.

எங்கள் ஆணையர் இளைஞர். ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரில் சாக்கடை மூடிகளில் பூவும் மீனும் வார்த்து வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று செல்போனில் படம் பார்த்துவிட்டார். அந்த ஊரில் மூடிக்குக் கீழே தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறது என்பது படத்தில் தெரியாது அல்லவா? நம் ஊர் வரலாற்றை நம் ஊர் மூடிகளில் பதிக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். பாதித் தெருக்களில் குழிக்கு மூடியே இல்லாமல், யாரும் விழாமலிருக்க மரக்கிளையை நட்டு வைத்திருந்தோம். அதைச் சொன்னேன். “நெகட்டிவா பேசாதீங்க மேடம்” என்றார்.

வரலாற்றுக் குழு ஒன்று அமைந்தது. தலைவர் ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர். ஊருக்கு ஒரு வரலாற்று நூல் எழுதி, அதைத் தானே வெளியிட்டு, தானே பாராட்டி மதிப்புரையும் எழுதியவர். உறுப்பினர்களில் முக்கியமானவர் தனபாலன். கல்யாண மண்டபத்தின் உரிமையாளர், முன்னாள் வார்டு உறுப்பினர். அந்த ஊரை உண்டாக்கியவர் என்று சொல்லப்படும் சோணைமுத்து ஐயாவின் வம்சத்தில் வந்தவர் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டவர். முதல் கூட்டத்திலேயே என்னைப் பார்த்து, “மேடத்துக்கு எந்த ஊரு?” என்றார்.

“திருவாதவூர்.”

“திருவாதவூர்ல எந்தப் பக்கம்?”

இந்தக் கேள்வி எதற்கு என்று நம் ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். “பஸ் நிக்கிற பக்கம்” என்றேன். அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. அதன் பிறகு அந்த ஆள் எனக்கு எதிரே உட்கார்ந்து டீ குடிக்கவில்லை.

கூட்டம் எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். ஒரு தரப்பு ஜல்லிக்கட்டுக் காளையைக் கேட்டது. ஒரு தரப்பு தேரைக் கேட்டது. பூக்கடைச் சங்கத்தார் மல்லிகைச் சரம் கேட்டார்கள். தனபாலனுக்கு ஐயாவின் திருமுகம் வேண்டும், அதுவும் மூன்று தெரு கூடும் ஊருணி முக்கில் வேண்டும், ஏனென்றால் அந்த ஊருணியை வெட்டியவர் ஐயா. பேராசிரியரின் நூலிலும் அப்படித்தான் இருந்தது.

“அம்புட்டுப் பெரிய ஊருணிய ஒரே ஆளாவா வெட்டுனாரு சார்?” என்று கேட்டேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வெட்டுவித்தார்” என்றார்.

“வெட்டுனவங்க யாரு?”

“அதற்குக் குறிப்பு எதுவும் இல்லை.”

இருக்காது. என் அப்பா மேலூர்ப் பக்கம் எத்தனையோ கிணற்றில் இறங்கி மண் சுமந்தவர். எந்தக் கிணற்றுச் சுவரிலும் அவர் பெயர் இல்லை. அன்றைக்கு இதை நான் சொல்லவில்லை. சொன்னால் அதையும் ஒரு மூடியில் போட்டுவிடுவார்களோ என்ற பயம்.

அடுத்து வடிவமைப்பாளர் ஒருவர் வந்தார். மூடியைத் தூக்குவதற்குக் கொக்கி மாட்டத் துளை வேண்டும் என்றேன். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு துளை ஐயாவின் கண்ணில் விழுகிறது, இன்னொன்று மீசையில் விழுகிறது என்றார். தனபாலன் எழுந்து நின்றுவிட்டார். “எங்க ஐயா கண்ணுல ஓட்டை போடுவீகளா?” ஆணையர் என்னைப் பார்த்து, “துளை இல்லாம மேனேஜ் பண்ண முடியாதா மேடம்?” என்றார். முடியாது என்றேன். அது குறித்துக்கொள்ளப்பட்டது. மூடி துளையில்லாமல் வந்தது. இரும்புகூட இல்லை. ரெசின் என்கிற செயற்கைப் பிசினில் வார்த்து, மேலே பித்தளை நிறம் அடித்தது.

இத்தனை பேர் கூடிப் பேசிய கூட்டங்களில் ஒருவருக்கும் தோன்றாத ஒன்று, திறப்பு விழா அன்று தோன்றியது. பேராசிரியர் மைக்கைப் பிடித்து, “வரலாறு இனி ஏடுகளில் அல்ல, மக்களின் காலடியில்!” என்று முழங்கினார். கைதட்டல் அடங்குவதற்குள் சைக்கிளில் தக்காளிக் கூடை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர், கூட்டத்துக்கு ஒதுங்குகிறேன் என்று செருப்புக் காலை ஐயாவின் நெற்றியில் வைத்துவிட்டார்.

அவ்வளவுதான், தனபாலனின் ஆட்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். தக்காளி தெரு முழுக்க உருண்டது. அந்த மனிதரை நாங்கள் சிலர் இழுத்துக் காப்பாற்றி நகராட்சி வண்டியில் ஏற்றி அனுப்பினோம். தெருவின் நடுவில் தரையோடு தரையாக ஒரு முகத்தைப் பதித்தால் அதை மிதிப்பார்கள் என்பது, படித்தவரும் பணக்காரரும் நிறைந்த அந்தக் குழுவுக்கு அன்றுதான் புலப்பட்டது. மூடியைக் கழற்றிவிடலாம் என்றேன். ஐயாவைக் கழற்றுவதா? அதற்கும் ஒப்பவில்லை.

மறுநாள் மூடியைச் சுற்றிச் செங்கல் வைத்தார்கள். அடுத்து ஒரு கம்பி வேலி. பிறகு தகரக் கொட்டகை. யாரோ சூடம் ஏற்றினார்கள், யாரோ எலுமிச்சம்பழம் வெட்டினார்கள். ஒரு பூசாரியும் வந்து சேர்ந்தார். மூன்று தெருவின் கழிவுநீரும் ஒன்றுகூடுகிற குழியின் மேல், நம் கண்ணெதிரே ஒரு கோயில் முளைத்தது. ஆணையரிடம் போனேன். “மக்கள் உணர்வு மேடம்” என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் எந்தக் குழியையும் மூடிவிடலாம்.

எங்களிடம் குழாயில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பை உடைக்கிற ஜெட்டிங் வண்டி ஒன்று இருந்தது. அதை ஓட்டியவன் காசி, ஒப்பந்தத் தொழிலாளி. வாய் சும்மா இருக்காது. கொட்டகையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இனிமே அடைப்பெடுக்கணும்னா அர்ச்சனைச் சீட்டு வாங்கிட்டுத்தான் போகணும் போல மேடம்” என்றான். நானும் சிரித்தேன்.

அடைமழைக் காலம் வந்தது. ஒருநாள் காலை அலுவலகத்துக்குள் நான் நுழையும்போதே கீழச்சந்துப் பெண்கள் வராந்தாவில் நின்றார்கள். கீழச்சந்து என்பது ஊருணி முக்கிலிருந்து சரிவாக இறங்கும் நெருக்கமான தெரு. மேட்டிலுள்ள மேலத்தெருக் கழிவும் சந்துக் கழிவும் ஆழத்தில் ஓடி முக்குக் குழியில்தான் சேரும்; அங்கே அடைத்துக்கொண்டால் தாழ்ந்த சந்துக்குள்தான் திரும்பிப் பொங்கும். முன்னால் நின்றவள் பாக்கியம், தையல் வேலை செய்பவள். அவள் மகளுக்குச் சுகப்பிரசவமாகி அப்போதுதான் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தாள்.

“மேடம், ஒங்க வரலாறு எங்க அடுப்படிக்கு வந்துருச்சு. வந்து பாருங்க!”

போய்ப் பார்த்தேன். குளியலறைத் துளை வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே வந்து, அடுப்படியைத் தாண்டி நடுவீட்டில் நின்றது. கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். கட்டிலின் மேல் அந்தப் பெண்ணும் துணியில் சுற்றிய பச்சைக் குழந்தையும். நாற்றத்தில் எனக்கே கண் எரிந்தது. அந்தப் பெண் முந்தானையைக் குழந்தையின் மூக்கின் மேல் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். முதலில் அவர்கள் இருவரையும் மேட்டுத் தெருவில் தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். ஆனால் சந்தில் மற்ற வீடுகளிலும் இதே கதைதான். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களும் இருந்தார்கள். எல்லோரையும் எங்கே அனுப்புவது?

காசி மேலும் கீழும் உள்ள குழிகளைத் திறந்து வண்டியின் குழாயை விட்டுப் பார்த்தான். போய் முட்டித் திரும்பியது. அடைப்பு, மூன்று குழாயும் சேருகிற குழிக்குள்ளேயே இருந்தது. ஐயாவின் திருமுகத்துக்கு நேர் கீழே.

கொட்டகைக்கு முன்னால் தனபாலனும் அவருடைய ஆட்களும் வந்து நின்றுகொண்டார்கள். பேராசிரியரும் வந்திருந்தார்.

“மூடியத் தொறக்கணும்ணே” என்றேன்.

“தொறக்குறதா? பூசை நடக்குற எடம் மேடம் இது.”

“இது மேன்ஹோலு.”

“அது உங்களுக்கு” என்றார்.

பேராசிரியருக்கு ஒரு யோசனை. கோயில் திருப்பணியின்போது பாலாலயம் செய்து சாமியை வேறு இடத்துக்கு மாற்றி வைப்பதில்லையா, அதுபோல ஐயாவையும் முறைப்படி எழுந்தருளச் செய்துவிட்டு மூடியை எடுக்கலாம் என்றார். நானும் தலையாட்டினேன். சாமியாடச் சொன்னாலும் அப்போது ஆடியிருப்பேன், எனக்கு வேண்டியது குழி. ஜோசியருக்குப் போன் போட்டார்கள். அவர் வெள்ளிக்கிழமை நல்ல நேரம் என்றார். அன்று செவ்வாய்.

“சரிண்ணே. வெள்ளிக்கிழமை வரைக்கும் மேலத்தெருவுல ஒருத்தரும் கக்கூஸ் போகக் கூடாதுன்னு தண்டோரா போட்டுருங்க” என்றேன்.

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். தனபாலன் முகம் சிவந்தது. ஆனால் அந்த ஆளிடம் மாற்று வழி ஒன்று தயாராக இருந்தது. காசியைப் பார்த்து, “மாப்ள, அடுத்த குழியில எறங்கி உள்பக்கமா கம்பிய விட்டுக் குத்தி விட்டுரு. பத்து நிமிச வேலை. ஒனக்கு என்ன, பழக்கப்பட்ட ஆளுதானே?” என்றார்.

எங்களிடம் ஒரு நாளும் சொந்தம் கொண்டாடாதவருக்கு அன்றைக்கு காசி மாப்பிள்ளை.

மனிதனைக் குழிக்குள் இறக்குவது குற்றம் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆணையருக்குப் போன் செய்தேன். “மூடியத் தொடாதீங்க மேடம், சென்சிட்டிவ் விஷயம். வேற வழியில முடிச்சிருங்க” என்றார். “வேற வழின்னா என்ன சார்?” என்று கேட்டேன். “லோக்கல்ல பேசி முடிங்க” என்று வைத்துவிட்டார். இந்த மாதிரி உத்தரவுகளை நீங்களும் கேட்பீர்கள், தம்பிகளே. எதுவும் நடந்தால் அவர் சொன்னது அது அல்ல. எதுவும் நடக்காவிட்டால் பாராட்டு விழாவில் மாலை அவருக்கு.

காசியைப் பார்த்தேன். அவனுடைய மச்சான் வேறொரு ஊரில் செப்டிக் டேங்குக்குள் இறங்கியவன். உடலாகத்தான் மேலே வந்தான். அந்தத் துக்கத்துக்கு நான் போயிருந்தேன். காசியின் தங்கை எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆனால் தனபாலன் சொன்னால் காசியின் ஒப்பந்த வேலை நாளைக்கே போகும்.

“மேடம் சொன்னா எறங்குறேன்” என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை.

“மேடம் சொல்ல மாட்டேன்” என்றேன்.

அப்போது எனக்கு வீரம் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கையெழுத்துப் போட்டே பழகிய கை. ஆனால் இறந்துபோன ஒருவரின் பிசின் முகத்தில் கீறல் விழக் கூடாது, அதற்காக உயிரோடு இருக்கிற ஒருவன் மலக்குழிக்குள் போகலாம் என்று வெள்ளை வேட்டியில் நின்று பேசுகிறார்களே, அந்த அருவருப்பு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. கீழச்சந்து நாற்றம் அதற்கு எவ்வளவோ தேவலை.

வண்டியிலிருந்து கடப்பாரையை எடுக்கச் சொன்னேன். காசி எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான். “குடு” என்றேன்.

“நான் ஒடைக்கிறேன் மேடம்.”

“நீ ஒடைச்சா ஒன்ன அடிப்பாங்க. நான் ஒடைச்சா மாத்தல் போடுவாங்க. குடு.”

என் பணிக்காலத்தில் நான் எடுத்த முடிவுகளில் இது ஒன்றைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். உடைக்க வேண்டும் என்று முடிவு செய்வது சுலபம். யார் கையில் கடப்பாரை இருக்க வேண்டும் என்பதுதான் அதிகாரி யோசிக்க வேண்டியது. அடி வாங்கப் போகிறவன் கையில் அதைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பதவி உயர்வும் அவர்களுக்குத்தான் வந்தது.

கம்பி வேலியைத் தாண்டி உள்ளே போனேன். “திருவாதவூர்க்காரிக்கு எங்க ஊரு வரலாறு என்னடி தெரியும்?” என்று ஒரு குரல். தனபாலனின் ஆள் ஒருவன் வழிமறிக்க வந்தான். அதற்குள் பாக்கியம் சாக்கடைத் தண்ணீர் நிறைந்த வாளியோடு அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“தொடு பாப்போம். மேடத்தத் தொட்டேன்னா இந்த வாளி ஒன் தலையில.”

அவளுக்குப் பின்னால் சந்துப் பெண்கள் எல்லோர் கையிலும் வாளி, குடம், பிளாஸ்டிக் டப்பா. சுற்றிலும் செல்போன்கள் வேறு உயர்ந்துவிட்டன. ஒரு பெண் அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்தவன் என்று வீடியோவில் வர யாருக்கும் ஆசையில்லை. வெள்ளை வேட்டிகள் வாளிகளைப் பார்த்துப் பின்வாங்கின.

காலில் கிடந்த செருப்பைக் கழற்றினேன். பக்தியால் அல்ல, வழுக்கும் என்பதால். ஒரே போடு. நூற்றாண்டுகள் தாங்கும் என்று மேடையில் புகழப்பட்ட மூடி, மண் சட்டிபோல விரிசல் விட்டது. இரண்டாம் போட்டில் மீசைக்குக் கீழே இருந்தது முழுவதும் உள்ளே விழுந்தது. காசி துரட்டியை விட்டு, விழுந்த துண்டோடு சேர்த்து வெளியே இழுத்துப் போட்டதை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மாலைகள். நாரும் வாழைமட்டையும் அழுகிய பூவுமாகக் கொத்துக்கொத்தாக மாலைகள், நடுவில் தேங்காய் ஓடுகள். பூசாரி தினமும் பழைய மாலைகளை, இந்தக் குழியில் வந்து சேரும் பக்கத்துத் தெருவோரச் சாக்கடைத் திறப்பில் தள்ளிவிட்டு வந்திருக்கிறார். குப்பைத் தொட்டியில் போட்டால் ஐயாவுக்கு மரியாதைக் குறைவாம்.

காசி வண்டியை முடுக்கினான். குடகுடவென்று ஒரு சத்தம். கீழச்சந்திலிருந்து யாரோ, “வடியுதுடி, வடியுது!” என்று கத்தினார்கள். பேராசிரியர் அதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார்.

அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் போஸ்டர். ‘வரலாற்றை உடைத்த வன்மத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.’ ஆணையர் எனக்கு விளக்கம் கேட்டு ஓலை அனுப்பினார். சொன்னபடியே மாற்றல் வந்தது, கல்லுப்பட்டிப் பக்கம். காசியின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடப்பாரை யார் கையில் இருந்தது என்பது எல்லோர் செல்போனிலும் இருந்தது அல்லவா?

ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம், ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊருக்குப் போனேன். ஊருணி முக்கில் இறங்கிப் பார்த்தால் கொட்டகை தெரு ஓரத்துக்கு நகர்ந்து, சிமெண்ட் கட்டடமாக வளர்ந்திருந்தது. உள்ளே, பூசாரி ஒட்டவைத்த உடைந்த மூடி. திருநீறு கொடுத்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

“இது எப்படிங்க ஒடைஞ்சது?” என்று கேட்டேன்.

“ஐயா தானா வெடிச்சாரும்மா. கீழச்சந்துல ஒரு பச்சப் புள்ள உசுருக்குப் போராடுச்சு. ஐயா தாங்கல. தன் திருமேனியவே பொளந்து வழி விட்டாரு. புஸ்தகத்துலயே போட்டுருக்காக.”

பேராசிரியர் நூலின் இரண்டாம் பதிப்பு வெளிவந்துவிட்டது. இதற்குக் குறிப்பு கிடைத்திருக்கிறது.

கீழச்சந்தில் இறங்கினேன். பாக்கியம் வாசலில் மிஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சட்டை போடாத ஒரு பயல் அவள் சேலையைப் பிடித்து இழுத்தான். அன்றைக்குக் கட்டிலில் கிடந்த அந்தக் குழந்தை.

“பேரு என்னடா?”

“சோணமுத்து” என்றான்.

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “என்ன மேடம் செய்யிறது? மருமகன் வீட்டுல ஐயா காப்பாத்துன புள்ளன்னு சொல்லி வச்சுட்டாக. நான் சொல்லிப் பாத்தேன். ஒங்க பேரையாவது கேட்டு வச்சிருந்தா அதத்தான் வைக்கணும்னு சண்ட போட்டிருப்பேன். அன்னைக்கு அந்த அவசரத்துல கேக்காம விட்டுட்டேன்.”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “பேரு கெடக்குது பாக்கியம். முக்குல இப்ப போட்டுருக்க இரும்பு மூடி மேல மறுபடியும் எதையாச்சும் கொண்டாந்து வச்சுறாமப் பாத்துக்க.”

“எது, வைக்கிறதா?” என்றாள். “ஒரு ஆட்டோக்காரன் வண்டிய நிப்பாட்டுனாலே வாளியத் தூக்கிட்டுப் போயிருவேன்ல.”